ஸ்வரம் உடையும் இடம்

எலெக்ட்ரிக் கிடார் என்று கடையில் வாங்கி வருவது பாதி வாத்தியம்தான். மறுபாதி ஆம்ப். கம்பி அதிர்ந்து, அடியிலிருக்கும் காந்தச் சுருளில் எழுப்பும் மின்னசைவு சுமார் பத்தில் ஒரு பங்கு வோல்ட். அதைப் பெரிதாக்குவதோடு ஆம்பின் வேலை முடிவதில்லை. பெரிதாக்கும்போதே அதற்கு உடம்பு கொடுக்கிறது, நிறம் கொடுக்கிறது. ஓங்கி மீட்டினால் எங்கே கரகரக்க வேண்டும், மெல்லத் தொட்டால் எப்படித் தெளிய வேண்டும் என்பதெல்லாம் அதன் கையில். வீணையில் குடத்துக்கு என்ன இடமோ, அந்த இடம் இங்கே ஆம்புக்கு. ஆகவே வீட்டு மேசையில் சால்டர் இரும்போடு உட்கார்ந்து வால்வு ஆம்ப் கட்டுகிறவரை நான் வாத்தியம் செய்கிறவராகவே மதிக்கிறேன்.

மலேசியாவில், பட்டர்வொர்த்தின் பாகான் டாலாமில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் ரயில் பாதை, நீரிணைக்கு அப்பால் ஜார்ஜ் டவுன். வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர். இங்கே நூறு வாட் ஆம்புக்கு வேலையில்லை. ஐந்து வாட் போதும். அதுவே சில இரவுகளில் அதிகம். காதின் கணக்கு விசித்திரமானது. ஓசை இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் மின்திறன் ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். மேடையில் வைக்கும் ஐம்பது வாட் ஆம்ப், என் மேசைமேல் இருக்கும் ஐந்து வாட் ஆம்பைவிட இரண்டு பங்கு சத்தம்தான். வால்வு ஆம்புக்கு இன்னொரு குணமும் உண்டு. முழுதாகத் திறந்து, அதன் எல்லையை முட்டும்போதுதான் அது பாடும். நூறு வாட்டை அந்த எல்லைக்குக் கொண்டுபோனால் அடுத்த தெருவும் எழுந்துவிடும். ஐந்து வாட்டை ஒரு சாயங்கால நேரத்தில், சன்னலைச் சாத்திவிட்டு, அங்கே கொண்டுபோகலாம்.

இந்த ஐந்து வாட் வம்சத்தின் மூதாதை ஃபெண்டர் சேம்ப். கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், கிடார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்காகச் செய்த மலிவான பெட்டி. அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கேட்டதைக் கொண்டு திருத்துவார். 1950-களின் பிற்பாதியில் வந்த 5எஃப்1 என்ற சேம்ப் வரைபடத்தில் மூன்றே வால்வுகள். முதலில் 12ஏஎக்ஸ்7, அதன் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு சின்ன வால்வுகள், இரண்டு முறை சிக்னலைப் பெருக்கும். பிறகு 6வி6, ஸ்பீக்கரைத் தள்ளும் பலம் அதனுடையது. கடைசியாக 5ஒய்3, ஏசி மின்சாரத்தை டிசியாக்கும். இவற்றைச் சுற்றி ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்த்து சுமார் இருபது, இரண்டு டிரான்ஸ்பார்மர், ஒரு வால்யூம் குமிழ், எட்டு அங்குல ஸ்பீக்கர். அவ்வளவுதான். பிள்ளைகளுக்கென்று செய்த இந்தப் பெட்டியைத்தான் 1970-இல் மயாமியில் எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் ‘லைலா’ இசைத்தட்டின் பதிவுக்குக் கொண்டுபோனார்கள். ஒலிப்பதிவுக் கூடத்தின் மைக்குக்கு முன்னால் பெட்டியின் அளவு தெரியாது. அது உடையும் விதம் மட்டுமே தெரியும்.

சுமார் இருபது உறுப்புகள் என்றேனே, அதில்தான் இந்தக் கலையின் முதல் இன்பம் இருக்கிறது. நீரிணைக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸில் 1972-இல் இன்டெல் ஆலை வந்தது. அதைச் சுற்றி வந்த ஆலைகளுக்கு இங்கிருந்து தினமும் கடல் கடந்து வேலைக்குப் போன, இன்றும் போகிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சிப்பில் ஒட்டிய அக்காமார்கள் பலர் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்கள் கைவழியே உலகத்துக்குப் போன சிப்புகள் எத்தனையோ. ஆனால் இன்றைய ஒரு சிப்புக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை முழுவதுமாக மனத்தில் வைத்திருக்கிற மனிதர் உலகில் ஒருவரும் இல்லை. வடிவமைத்தவருக்கும் அவரவர் மூலைதான் தெரியும். சேம்ப் வகை ஆம்பைக் கட்டுகிறவருக்கு அதன் கடைசி ரெசிஸ்டர்வரை தெரியும்: அது ஏன் அங்கே இருக்கிறது, எடுத்தால் என்ன ஆகும், இரண்டு மடங்காக்கினால் ஸ்வரம் எப்படி மாறும் என்பதெல்லாம். இரவில் விளக்கை அணைத்துப் படுத்தபடி முழு வரைபடத்தையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம். கருவிகள் சூழ்ந்த வாழ்க்கையில் ஒரு கருவியையாவது முழுதாகத் தெரிந்துவைத்திருப்பது பெரிய நிம்மதி.

இனி, உடைதல். கேட்பவர்கள் பலர் இதைச் சத்தக் கோளாறு என்று நினைக்கிறார்கள். நம் சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதைச் சுலபமாகப் புரியவைக்கலாம்.

வால்வுக்குள் சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பிப் பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. நடுவில் கிரிட் என்ற மெல்லிய கம்பிச் சுருள். கிரிட்டில் விழும் சிறிய மின்னசைவு அந்தப் பெரிய பாய்ச்சலைத் திறந்தும் மூடியும் ஆட்டுகிறது. 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் இந்த மூன்றாவது உறுப்பைச் சேர்த்ததிலிருந்துதான் ஒலியைப் பெருக்கும் காலம் தொடங்கியது. ஆனால் திறப்பதும் மூடுவதும் ஒரே சீராக நடப்பதில்லை. அலையின் மேற்பாதி கொஞ்சம் நீளும், கீழ்ப்பாதி கொஞ்சம் நசுங்கும். அலை அப்படிக் கோணும்போது, வாசித்த ஸ்வரத்தோடு வாசிக்காத ஸ்வரங்களும் பிறக்கின்றன. முதலில் பிறப்பது இரண்டாம் மடங்கு: அதாவது மேல் ஷட்ஜம். அடுத்தது மூன்றாம் மடங்கு, மேல் ஸ்தாயிப் பஞ்சமம். ஐந்தாம் மடங்கு அந்தர காந்தாரம். தம்புராவை மீட்டிவிட்டுக் கண்ணை மூடினால் யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று கேட்குமே, அதே குடும்பம்தான். ஒற்றை வால்வு கடைநிலையில் இருக்கும் சேம்ப் போன்ற ஆம்பில் இரண்டாம் மடங்கு ஓங்கி நிற்கும். அதனால்தான் உடையும்போதுகூட அது குத்தாது. ஸ்வரம் தடிக்கும், தேன் நிறம் ஏறும். ஒலியை இன்னும் கூட்டினால் மூன்றும் ஐந்தும் மேலே வந்து கரகரப்பு தொடங்கும்.

ராக் கிடாரில் ஏன் பலரும் காந்தாரத்தை விட்டுவிட்டு ஸ–ப மட்டும் சேர்த்து அடிக்கிறார்கள் என்பதற்கும் விடை இங்கேதான். உடையும் ஆம்புக்குள் இரண்டு ஸ்வரங்கள் ஒன்றாகப் போனால் அவற்றின் வித்தியாசமும் ஒரு ஸ்வரமாக வெளிவரும். ஷட்ஜம் இரண்டு பங்கு, பஞ்சமம் மூன்று பங்கு, வித்தியாசம் ஒன்று. அது கீழ் ஸ்தாயி ஷட்ஜம்! வாசிக்காத மந்தர ஸ்வரம் அடியில் வந்து தாங்கும். காந்தாரத்தைச் சேர்த்தால் கதை மாறுகிறது. கிடாரின் ஃப்ரெட்டுகள் பியானோ போலச் சம பாகமாகப் பிரித்தவை. அதில் காந்தாரம் இயற்கையான இடத்தைவிடச் சற்றே கூர்மை. அந்தச் சிறிய பிசகு, வித்தியாச ஸ்வரத்தில் ஒரு ஃப்ரெட் தூரத்தில் பாதிக்கும் மேற்பட்ட பிசகாகப் பெருத்துவிடும். விளைவு கலங்கல். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கரகரப்பான கிடார் சத்தத்தை நான் இரைச்சல் என்று சொன்னதே இல்லை. அதற்குள் சுருதிக் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

மின்சாரத்தின் உதவி நம் சங்கீதத்துக்கும் கிடைத்திருக்கிறது. கர்நாடக சங்கீதம் வாசிக்க மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) எடுத்துக்கொண்டது இரட்டைக் கம்பி மரபு மாண்டலினை அல்ல. ஐந்து ஒற்றைக் கம்பிகள் பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினை. சாதாரண மாண்டலினில் ஸ்வரம் பிறந்த மாத்திரத்தில் சாகிறது. கமகத்துக்கு நேரம் இல்லை. மின்சாரம் அந்த ஸ்வரத்துக்கு ஆயுளை நீட்டிக் கொடுத்தது. அவர் தேடியது துல்லியமான சத்தம். ராக் கிடார்க்காரர் தேடுவது உடைந்த சத்தம். ஆனால் இருவருக்கும் ஆம்ப் செய்யும் உபகாரம் ஒன்றுதான்: கம்பியில் அணையப்போகும் ஸ்வரத்தை இன்னும் சில கணம் உயிரோடு வைத்திருப்பது. வால்வு ஆம்ப் இதை இன்னொரு வழியிலும் செய்கிறது. ஓங்கி அடித்தவுடன் 5ஒய்3 கொடுக்கும் வோல்டேஜ் கொஞ்சம் தாழும். ஸ்வரத்தின் முகப்பு அமுங்கும். பிறகு வோல்டேஜ் மீண்டு ஏறும்போது, தேய்ந்துகொண்டிருக்கிற ஸ்வரத்தைக் கைதூக்கிவிடும். விரலுக்கு அது பஞ்சில் பதிவதுபோல இருக்கிறது. சிலிக்கான் டையோடு போட்ட ஆம்பில் இந்த நெகிழ்வு வராது. பலருக்கு அந்த விறைப்புத்தான் பிடிக்கும். எனக்கு 5ஒய்3.

வடிவமைப்பைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கணக்கைக் கண்டு பின்வாங்குகிறார்கள். தேவையே இல்லை. பள்ளிக்கூடத்து ஓம் விதி போதும். 6வி6-இன் கேத்தோடுக்கு அடியில் 470 ஓம் ரெசிஸ்டர். அதன் குறுக்கே மீட்டரை வைத்தால் 20 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதை 470-ஆல் வகுத்தால் சுமார் 42 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. இதில் இரண்டு மூன்று மில்லி ஆம்பியர் ஸ்கிரீன் என்ற இன்னொரு கிரிட்டுக்குப் போக, மீதி பிளேட்டுக்கு. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 300 வோல்ட் இருந்தால் வால்வு 12 வாட் வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதன் தகுதிக்கு அது சரியான சுமை. 470-ஐக் குறைத்தால் மின்னோட்டம் ஏறி வால்வு வதங்கும். கூட்டினால் குளிர்ந்து சத்தம் வறண்டுபோகும். ஒரே ரெசிஸ்டரில் வால்வின் ஆயுளும் பாட்டின் குணமும் கட்டுப்பட்டிருக்கின்றன.

முதல் வால்வின் கேத்தோடு ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம். அதன்மேல் 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் எல்லா ஸ்வரங்களும் சமமாக ஓங்கும். 0.68 மைக்ரோஃபாரட் மட்டும் போட்டால் அடித்தொனி பின்தங்கி, நடுவும் மேலும் முன்வரும். கிடார் கூட்டத்துக்குள்ளிருந்து வெட்டிக்கொண்டு வெளியே வரும். கெப்பாசிட்டரே போடாவிட்டால் அடக்கமான, மென்மையான சத்தம். ரசனை என்று நாம் சொல்வது இங்கே ஒரு சிறு உறுப்பாகக் கைக்கு வருகிறது. பரிசோதிக்க முதலைக் கவ்விக் கம்பி போதும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிளக்கைப் பிடுங்கி, டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் தேங்கிய 300, 350 வோல்ட்டையும் வடித்து, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். அந்தக் கெப்பாசிட்டர்கள் மின்சாரம் போன பிறகும் ஆளைக் கொல்லும் அளவு சேமித்து வைத்திருக்கக்கூடியவை. அவற்றின் குறுக்கே நிரந்தரமாக ஒரு 220 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட்டால் தானாக வடியும். முதன்முதல் சுவிட்சைப் போடும்போது பிளக்குக்கும் ஆம்புக்கும் நடுவில் ஒரு பழைய இழை பல்பை வரிசையில் இணைப்பது நம் ரேடியோ மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகச் செய்தது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து சொல்லிவிடும், டிரான்ஸ்பார்மர் தப்பிக்கும்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மரை நான் இந்தப் பெட்டியின் இதயமாகவே கருதுகிறேன். 6வி6-க்குப் பிடித்த சுமை சுமார் 5,000 ஓம். ஸ்பீக்கரோ 4 ஓம். 1,250 மடங்கு வித்தியாசம். அதன் வர்க்கமூலம் சுமார் 35. முதல் சுருளில் 35 சுற்றுக்கு இரண்டாம் சுருளில் ஒரு சுற்று. கணக்கு இவ்வளவுதான், கைவேலை வேறு. ஒற்றை வால்வு ஆம்பில் முதல் சுருள் வழியாக டிசி ஓயாமல் ஓடுவதால் இரும்பு நிறைந்து திணறிவிடும். அதற்காக இரும்புத் தகடுகளின் இரண்டு பாதிகளுக்கு இடையே காகிதத் தடிமனில் ஒரு இடைவெளி விடுகிறார்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அடித்தொனி எல்லாம் கரைந்துவிடும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை ஓட்டினால் இந்த டிரான்ஸ்பார்மர்தான் முதலில் பலியாகும்.

நம் ஊர் மின்சாரமும் இந்த வாத்தியத்தில் ஒரு சேர்மானம். ஏட்டில் 230 வோல்ட். சுவரில் அளந்தால் 240-ஐ ஒட்டியே இருக்கும். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரை இங்கே மாட்டினால் கேத்தோடைச் சூடாக்கும், 6.3 வோல்ட் வேண்டிய ஹீட்டருக்கு 6.9 வோல்ட் போகும். பிளேட் வோல்டேஜும் ஒன்பது சதவீதம் ஏறும். வாங்கும்போதே 240 முனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, நம்முடையது 50 ஹெர்ட்ஸ். டிசியாக மாற்றிய பிறகு மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸில் உறுமும். கிடாரின் தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டில் பிறக்கும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ஆக, தெனாகா நேசனல் மின்சாரம் நமக்குக் கொடுக்கும் சுருதி கிட்டத்தட்ட ஜி! ஆம்பின் ஃபில்டர் சரியில்லாவிட்டால் அந்த ஜி-யை வாசிக்கும்போது விநாடிக்கு இரண்டு முறை ஸ்வரம் ஏறி இறங்கித் தள்ளாடுவதைக் கேட்கலாம். 60 ஹெர்ட்ஸ் அமெரிக்காவில் அந்த உறுமல் 120; அவர்களுடைய வரைபடத்தில் இருக்கும் 16, 8, 8 மைக்ரோஃபாரட் ஃபில்டரை அப்படியே இங்கே எடுத்தால் உறுமல் கூடுதலாகத்தான் வரும். எட்டுகளை இரண்டு மடங்காக்கலாம். முதல் கெப்பாசிட்டரை மட்டும் அளவுக்கு மீறி ஏற்றக் கூடாது. அது நிரம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை 5ஒய்3 தாங்காது.

ஊர் மாறினால் ஆம்ப் மாறும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் வாத்தியாராக இருந்து இசைக்கருவிக் கடை வைத்த ஜிம் மார்ஷல், 1962-இல் தன் ஆட்களோடு சேர்ந்து ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் வரைபடத்தை வைத்து ஜேடிஎம்45 என்ற ஆம்பைக் கட்டினார். கோடுகள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் டிரான்ஸ்பார்மர் அங்கே கிடைத்தது, ஸ்பீக்கர் அங்கே செய்த செலஸ்டியன், பிற்பாடு வால்வும் அங்கத்து கேடி66. பிறந்தது வேறொரு வாத்தியம். அரை நூற்றாண்டு ராக் இசையே அதன்மேல் நின்றது. ஆகவே வெளிநாட்டிலிருந்து பெட்டியோடு வரும் கிட்டை அச்சுப் பிசகாமல் கட்டுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. இங்கே கிடைப்பதைக் கொண்டு இங்கே கட்ட வேண்டும்.

இங்கே என்ன கிடைக்கிறது? பற்றவைக்கும் ஈயத்திலிருந்தே தொடங்கலாம். வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு கலந்த சால்டர் 183 பாகையில் ஒரே மூச்சில் உருகி ஒரே மூச்சில் இறுகும். கை நடுங்கினாலும் மூட்டு கெடாத கலவை அதுதான். அந்த வெள்ளீயம் நம் மண்ணின் செல்வம். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம் தலைமுறைகளாக இதே பட்டர்வொர்த் கரையில் உருக்கப்பட்டது. தண்டவாளத்திலும் படகிலும் ஆலையிலும் அதற்காக உழைத்த தமிழர்களின் பிள்ளைகள் இன்னும் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். நல்ல மூட்டு பளபளவென்று, குழிந்து, கம்பியைத் தழுவி நிற்கும். மங்கி உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை.

வயரிங்கைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் தேர்ந்த ரசிகரின் வழக்கம். பெட்டியின் முன்பக்கம் யாரையும் ஏமாற்றும், அடிப்பக்கம் ஏமாற்றாது. ஹீட்டர் கம்பிகள் இரண்டும் இறுக்கமாக முறுக்கி, ஷாசி என்ற உலோக அடித்தளத்தின் மூலையோடு ஒட்டிப் போயிருக்கின்றனவா? அவை சுமப்பது ஏசி. முறுக்கினால் ஒன்றின் காந்தப் புலத்தை மற்றது அடித்துவிடும். முதல் கிரிட்டுக்குப் போகும் கம்பி முடிந்த மட்டும் குட்டையாக இருக்கிறதா? இரண்டு டிரான்ஸ்பார்மரும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றனவா? பழைய கைகள் இதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். பவர் டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, எதனோடும் இணைக்காத அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் முனைகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதை மெல்லத் திருப்பிக்கொண்டே வருவார்கள். உறுமல் மறையும் கோணத்தில் பென்சிலால் கோடு. அதன் பிறகுதான் துளை. காதால் இடம் பார்த்துத் துளை போடும் தச்சு வேலை வேறெங்கே இருக்கிறது!

பெட்டிக்கு மரம். சேம்ப் வந்த காலத்தில் அமெரிக்கர்கள் பைன் பலகையைப் பயன்படுத்தினார்கள். இலேசான மரம், ஸ்பீக்கரோடு சேர்ந்து தானும் அதிரும். துறைமுகத்து ஊரில் பைனுக்குப் பஞ்சமில்லை. சரக்கு வந்திறங்கும் மரத்தட்டுகளில் பல பைன்தான். வாங்கும்போது பலகையில் குத்திய முத்திரையைப் பார்க்க வேண்டும். ‘எச்டி’ என்றிருந்தால் சூடுகாட்டிப் பூச்சி நீக்கியது, வீட்டுக்குக் கொண்டுவரலாம். ‘எம்பி’ என்றிருந்தால் விஷப்புகை போட்டது, விட்டுவிட வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது ரப்பர் மரம். பால் வற்றி வெட்டிய ரப்பர் மரம் இந்நாட்டு மேசை நாற்காலியாக உலகமெல்லாம் போகிறது. பைனைவிடக் கனம், அதிர்வு குறைவு. அடித்தொனி இறுகி வரும், நடுத்தொனி சற்று நிதானப்படும். எட்டு அங்குல ஸ்பீக்கருக்கு அந்த இறுக்கம் நன்மையே செய்கிறது. நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து சீவிய மரம், நம் வீட்டில் கிடாருக்கு உடம்பாக நிற்பது எனக்கு அர்த்தமுள்ளதாகப் படுகிறது.

வால்வு இந்த ஊருக்குப் புதியதல்ல. பினாங்கு வயர்லெஸ் சங்கம் 1934-லேயே ஒலிபரப்பைத் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அதில் ஒலித்தது. அன்று முதல் 1960-கள் வரை இந்தக் கரையில் தமிழ்ப் பாட்டு கேட்டவர்கள் பெரும்பாலும் வால்வு வழியாகத்தான் கேட்டார்கள். அந்தச் சத்தம் நம் வீட்டுப் பெரியவர்களின் காதில் பாட்டின் இயல்பான நிறமாகவே படிந்திருக்கிறது. பிறகு கிடார் வந்தது. 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் வாசித்துப் போன பின்னர் மலாயா முழுக்கக் கிடார்க் குழுக்கள் முளைத்தன. பினாங்கிலிருந்து கிளம்பிய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் அல்லிகேட்ஸ் குழு ஹாங்காங் இரவு விடுதிகளில் வாசித்துத் தேறி, 1979-இல் ‘தெரிமா காசே’ இசைத்தட்டோடு மலாய் ரசிகர்களின் வீடுகளுக்குள்ளேயே போய்விட்டது. இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஒரு நாட்டின் இசைக்கு முகமாக இருந்தார்கள். லோகநாதன் 2007-இல் மறைந்தார். எலெக்ட்ரிக் கிடார் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் இவர்கள் பெயரைத்தான் நான் சொல்வேன்.

இன்று நூறு ஆம்பின் குரலைப் போலி செய்யும் டிஜிட்டல் பெட்டி கைக்கடக்கமாகக் கிடைக்கிறது. கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. மேடைக்கும் பதிவுக்கும் அது வசதி. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதில் என் தீர்மானம் எதுவும் இல்லை. வால்வு ஆம்ப் சுவரிலிருந்து முப்பது, நாற்பது வாட் இழுத்து ஐந்து வாட் பாட்டைத் தருகிறது. ஹீட்டர்களைச் சிவக்கவைக்கவே பதினைந்து வாட் போகிறது. செலவுக் கணக்கில் மோசம்தான். ஆனாலும் அந்த ஐந்து வாட்டில் எந்த ஸ்வரம் எப்படி உடைய வேண்டும் என்று முடிவுசெய்தது கட்டியவரின் காது. கெட்டுப்போனால் அவரே திறந்து சரிசெய்வார். அவருக்குப் பின் யார் திறந்தாலும் ஒரு சாயங்காலத்துக்குள் முழுதும் புரிந்துகொள்வார்கள்.

புதிய வால்வுகள் இன்றும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் செய்யப்பட்டு வருகின்றன. ஆனால் நல்ல வால்வுகளும் டிரான்ஸ்பார்மர்களும் நம் வீடுகளிலேயே தூங்குகின்றன. தாத்தா வாங்கிய பிலிப்ஸ், கிரண்டிக் ரேடியோவின் பின்பலகையைக் கழற்றினால், பல பெட்டிகளில் இஎல்84 என்ற வால்வு இருக்கும். 250 வோல்ட், 48 மில்லி ஆம்பியர், 5,200 ஓம் சுமையில் அது ஐந்து வாட்டுக்கும் மேலே தரும். 6வி6-ஐவிடச் சற்றே மினுமினுப்பான குரல். ஷேடோஸ் வாசித்த வாக்ஸ் ஆம்புகளில் பாடியது அதே வால்வுதான். ரேடியோவின் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் அதற்கேற்ற அளவிலேயே இருக்கும்.

ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் பழஞ்சந்தையில் இத்தகைய பெட்டிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. வருவது குறைந்துகொண்டும் வருகிறது. உங்கள் வீட்டுப் பரணிலோ கொல்லைப்புறத்திலோ ஒன்று இருந்தால் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போடாதீர்கள். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகச் சுவரில் செருகவும் வேண்டாம். பல வருடம் கிடந்த கெப்பாசிட்டர் வெடிக்கலாம். வால்வுகளின் பெயர் யூ என்ற எழுத்தில் தொடங்கினால் அந்தப் பெட்டிக்குள் பவர் டிரான்ஸ்பார்மரே இருக்காது, ஷாசியிலேயே மின்சாரம் ஓடும்; விவரம் தெரிந்தவரைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. ரேடியோ நல்ல நிலையில் இருந்தால் ரேடியோவாகவே பழுதுபார்க்கக் கொடுங்கள். மீட்க முடியாத நிலையில் இருந்தால், கிடார் வாசிக்கிற, சால்டர் இரும்பு பிடிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரைத் தேடிப்பிடித்து அவர் கையில் ஒப்படையுங்கள்.